"எத்தனை?" என்று கேட்கும் வீடு

இரவு பத்தேகால். மேற்குச் சென்னையில் ஒரு மாடி வீட்டின் சமையலறை. பாத்திரம் கழுவி, மேடையைத் துடைத்தாகிவிட்டது. 21 வயதுப் பெண் ஒருத்தி அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்க்கிறாள். ரெகுலேட்டரைப் பார்க்கிறாள். விளக்கை அணைக்கிறாள், போடுகிறாள், மறுபடி திருகைத் தொடுகிறாள்.

"மூடிட்டேன்ல?"

தரையில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த இன்னொருத்தி தலை நிமிராமல் சொல்கிறாள். "ஒரு தடவை சொல்லியாச்சு. ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன். எத்தனை?"

"எட்டு."

"சரி, வா, உக்காரு."

இருவரும் சமையலறை நிலைப்படியில் உட்கார்கிறார்கள். பேச்சு ஏதேதோ போகிறது: நாளைக்கு யார் முறை, தண்ணீர் லாரி வருமா. முதல் பெண்ணின் கை நைட்டியில் வியர்வையைத் துடைத்தபடியே இருக்கிறது. ஒரு தடவை எழுந்துவிடுகிறாள், பிறகு தானாகவே உட்கார்கிறாள். பத்தே முக்காலுக்கு "ஆறு" என்கிறாள். பதினொன்று ஆகும்போது "நாலு இருக்கும்" என்று எழுந்து படுக்கப் போகிறாள். அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பயத்தைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் எண்ணாகச் சொல்வது அந்த வீட்டின் வழக்கம். வீட்டின் பெயரையும் தெருவையும் எழுதமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போனேன். 19 வயதிலிருந்து 26 வயது வரை ஐந்து பெண்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். ஓர் அக்கா கூடவே தங்குகிறார். வாரம் இரண்டு நாள் சைக்காலஜிஸ்ட் வருகிறார். மருந்து தேவைப்படுபவர்கள் வெளியே தங்கள் டாக்டரைப் பார்க்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி இதே போல் பையன்களுக்கு ஒரு வீடு. பார்த்தால் பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் எந்த வீட்டையும் போலத்தான் இருக்கிறது. வாசலில் செருப்பு, கொடியில் துணி, ஃபிரிட்ஜில் ஒட்டிய சமையல் முறைத் தாள். இந்தச் சாதாரணத்தில்தான் சிகிச்சை இருக்கிறது என்பது எனக்குப் புரிய நாளாயிற்று. அது ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

பயத்தின் கணக்கு எளிமையானது, ஆனால் ஏமாற்றக்கூடியது. ஒன்றைக் கண்டு பயப்படுகிறோம், அதிலிருந்து விலகுகிறோம். விலகியதும் "அப்பாடா" என்று நெஞ்சு இறங்குகிறது. அந்த அப்பாடாதான் பயத்துக்குப் போடும் தீனி. விலகியதால்தான் பிழைத்தோம் என்று மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் விலகச் சொல்கிறது. 1940களிலேயே ஓ. எச். மவ்ரர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை இரண்டு கட்டமாகப் பிரித்துச் சொன்னார். பயம் ஒட்டிக்கொள்வது ஒரு கட்டம். விலகுவதால் கிடைக்கும் நிம்மதி அந்தப் பயத்தை உதிரவிடாமல் காப்பது அடுத்த கட்டம். நம் வீடுகளில் "ஆறப் போடு, சரியாயிடும்" என்பார்கள். கோபம் ஆறும், துக்கம் ஆறும். விலகி விலகிப் போகிற பயம் ஆறுவதில்லை, ஊறுகிறது.

அடுப்புப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் இருந்தபோது இரவில் முப்பது, நாற்பது தடவை எழுந்து போய்ப் பார்ப்பாளாம். அவள் அப்பா பாவம், டார்ச்சை எடுத்துக்கொண்டு கூடவே போவார். "மூடியிருக்கும்மா, நான் பாத்துட்டேன்" என்பார். கடைசியில் தினமும் இரவு சிலிண்டரையே கழற்றி பால்கனியில் வைத்தார். மகள் தூங்கட்டும் என்ற பாசத்தில் செய்தது. ஆனால் ஒவ்வொரு "பாத்துட்டேன்" என்ற பதிலும் அவளுக்கு ஒரு சின்ன அப்பாடா. அது பத்து நிமிடம் தாங்கும், பிறகு இன்னொன்று வேண்டும். கல்லூரி இரண்டாம் ஆண்டோடு நின்றது.

மூடிய அறைக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல். அதன் மேல் ஒரு தட்டு, இன்னொரு தட்டால் மூடி வைத்தது. சென்னையில் இந்தக் காட்சி தெரியாத மனநல மருத்துவர் இருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். பிள்ளை வெளியே வரமாட்டான். அம்மா சாப்பாட்டைக் கதவருகே வைப்பார். உறவினர் வந்தால் "பரிட்சைக்குப் படிக்கிறான்" என்பார். அப்பா போன் பண்ணிக் கல்லூரியில் லீவு சொல்வார். பயத்துக்கு ஏற்றபடி மொத்தக் குடும்பமும் வளைந்துகொடுப்பதை ஆய்வாளர்கள் தனியாகவே கவனித்து எழுதியிருக்கிறார்கள். குடும்பம் எவ்வளவு வளைகிறதோ, பதற்ற நோய் அவ்வளவு வேரூன்றுகிறது. இதற்காகப் பெற்றோரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. நாலு சுவருக்குள் அழுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்தத் தாயால் முடியும்? அதனால்தான் சிலருக்குக் கொஞ்ச காலம் வேறொரு வீடு தேவைப்படுகிறது. அன்பு குறைவான இடம் என்று இல்லை. இரண்டாவது தடவை பதில் சொல்லாமல் இருக்கும் திராணி உள்ளவர்கள் இருக்கிற இடம்.

பயத்திலிருந்து விலகாமல் படிப்படியாக அதன் முன் நின்று பழகும் இந்தச் சிகிச்சையின் பூர்வீகக் கதையிலும் மற்றவர்கள் இருக்கிறார்கள். 1924ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் பெண் ஆய்வாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற மூன்று வயதுக் குழந்தையைப் பற்றி எழுதினார். குழந்தை சாப்பிடும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கிட்டே நகர்த்தினார்கள். கடைசியில் பீட்டர் முயலை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தான். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் முயலையும் தின்பண்டத்தையும் மட்டும் சொல்வார்கள். முயலுக்குப் பயப்படாத வேறு சில குழந்தைகளையும் அந்த அறையில் விளையாட விட்டிருந்தார் ஜோன்ஸ். அவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பீட்டர் பல படிகளைத் தாண்டினான். 1967ல் ஆல்பர்ட் பண்டூராவும் கூட்டாளிகளும் நாயைக் கண்டு பயந்த குழந்தைகளிடம் இதையே சோதித்தார்கள். தன் வயதொத்த ஒரு பிள்ளை நாயோடு படிப்படியாகப் பழகுவதைப் பார்த்த குழந்தைகளில் பலர் பிறகு தாங்களும் நாயின் அருகே போனார்கள்.

நடுவில் ஜோசப் வோல்பே என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர் பயங்களைப் படிக்கட்டு போல அடுக்கி, கீழ்ப்படியிலிருந்து ஏறும் முறையை வகுத்தார். 1958ல் அவருடைய புத்தகம் வந்தது. பயத்துக்கு எண் போடும் வழக்கமும் அவரிடமிருந்து வந்ததுதான். அவர் பூஜ்யத்திலிருந்து நூறு வரை வைத்தார், நம் வீட்டுப் பெண்கள் பத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். 1966ல் லண்டனில் விக்டர் மேயர், திரும்பத் திரும்பக் கழுவும் நோயாளியை வார்டிலேயே வைத்து, அவர் அறைக் குழாயை மூடி, நர்ஸ்களைக் கூடவே இருக்கவைத்து, கழுவாமல் இருக்கப் பழக்கினார். இப்படித் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓ.சி.டி. என்ற நோய்க்கு இன்றைக்கும் முதன்மையாகச் செய்யப்படும் பயிற்சி அங்கிருந்து வந்ததுதான். அது தொடங்கிய இடம் ஆலோசனை அறை கிடையாது, ஆள் இருபத்துநாலு மணி நேரமும் தங்கியிருந்த இடம். நான் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

கிளினிக்கில் வாரம் ஒரு தடவை 45 நிமிடம் கிடைக்கும். வாரத்தில் மொத்தம் 168 மணி நேரம். மீதி நேரம் முழுக்க பயம்தான் பாடம் நடத்தும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. மார்க் பௌட்டன் என்ற உளவியலாளர் எலிகளை வைத்துப் பல ஆண்டு செய்த ஆய்வுகளில் அது வெளிப்பட்டது. ஒரு கூண்டில் பயத்தைக் கற்ற எலிக்கு வேறொரு கூண்டில் அந்தப் பயத்தைத் தணித்தார்கள். பழைய கூண்டுக்குத் திரும்பியதும் பயமும் திரும்பிவிட்டது. அதாவது பழைய பயம் அழிவதில்லை. "இது ஒன்றும் செய்யாது" என்ற புதிய நினைவு அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போட்டி போடுகிறது. அந்தப் புதிய நினைவு எந்த இடத்தில் பிறந்ததோ அந்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது. ஏசி அறையில் டாக்டர் எதிரில் வந்த தைரியம், ஆட்டோவில் ஏறியதும் காணாமல் போவதன் காரணம் இதுதான். மிஷெல் கிராஸ்க் போன்றவர்கள் இப்போது வலியுறுத்துவதும் இதையே: பல இடத்தில், பல நேரத்தில், பல விதமாகப் பழகு.

பையன்கள் வீட்டில் இருக்கும் 23 வயது இளைஞன் ஒருவனின் படிக்கட்டை அவன் அனுமதியோடு சொல்கிறேன். என்ஜினியரிங் கடைசி வருடத்தில் ஒரு நாள் மின்சார ரயில் சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவே, அடையாற்றுப் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. கூட்ட நெரிசல். மூச்சு முட்டியது, கை மரத்தது, செத்துப்போகிறோம் என்று தோன்றியது. இசிஜி எடுத்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை. பேனிக் அட்டாக். அது சில நிமிடங்களில் உச்சிக்குப் போய், தானாகவே இறங்கக்கூடியது. உடம்பால் அந்த அபாயச் சங்கை நெடுநேரம் ஊதிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் இறங்குவதற்குள் ஓடிவிட்டால், இறங்கும் என்பதே தெரியாமல் போய்விடும். அவன் ரயிலை விட்டான். பிறகு பஸ்ஸை விட்டான். அப்புறம் தெருவை.

அவன் படிக்கட்டின் முதல் படி: கேட்டுக்கு வெளியே பத்து நிமிடம் நிற்பது. அடுத்தது காலையில் ஆவின் பால் வாங்கி வருவது. அந்த வீட்டில் ஒருவர் பால் வாங்கப் போகாவிட்டால் ஐந்து பேருக்குக் காபி கிடையாது, அதனால் இது வெறும் பயிற்சியாக நிற்காமல் வேலையாகவும் ஆகிவிடுகிறது. பிறகு பஸ் ஸ்டாப்பில் நின்று மூன்று பஸ்ஸை விடுவது. மத்தியானம் கூட்டமில்லாத பஸ்ஸில் இரண்டு ஸ்டாப். கோடம்பாக்கத்திலிருந்து மாம்பலத்துக்கு ஒரே ஒரு ஸ்டேஷன் ரயிலில். கடைசிப் படி, சனிக்கிழமை மாலை ரங்கநாதன் தெரு. சென்னைக்காரர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட படி என்று சொல்லத் தேவையில்லை. பயமில்லாதவர்களே பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகும் தெரு அது.

முதலில் அவனோடு வீட்டுத் தோழன் ஒருவன் போனான். சட்டைப் பையில் மாத்திரை அட்டை, கையில் தண்ணீர் பாட்டில். பிறகு தோழன் பத்தடி பின்னால், அப்புறம் அடுத்த பெட்டியில், அப்புறம் இறங்கும் ஸ்டேஷனில். பாட்டிலை விட்டான். மாத்திரை அட்டையை விடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்ததாம். அதை ஒரு தடவைகூட எடுத்துப் போட்டதில்லை, தொட்டுப் பார்ப்பதோடு சரி. "அது இருந்ததால தப்பிச்சேன்" என்ற நினைப்பு இருக்கும்வரை "நானாகவே தப்பிப்பேன்" என்ற பாடம் உள்ளே இறங்காது. அவசரத்துக்குப் போட வைத்திருந்த அந்த அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகும் நாளை அவனும் அவன் டாக்டரும் பேசித்தான் முடிவு செய்தார்கள். தினசரி மாத்திரை தனி விஷயம், அதை யாரும் தானாக நிறுத்தக்கூடாது.

கூட்டாக இருப்பதில் இன்னொரு பலன் உண்டு. ரயிலுக்குப் பயப்படுகிறவன் அடுப்புக்குப் பயப்படுவதில்லை. அடுப்புக்குப் பயப்படுகிறவளுக்குத் தெரியாத மனிதர்களிடம் போன் பேசப் பயமில்லை. மற்றவரின் பேய் நமக்குப் பேயாகத் தெரியாது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்கிறோம், அரளாத இன்னொரு கண் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு உதவி! காலையில் ஒருத்திக்குத் துணை போனவள் மாலையில் தன் படியில் ஏறத் துணை கேட்கிறாள். நோயாளி என்ற ஒரே வேடம் யாருக்கும் நாள் முழுக்க ஒட்டுவதில்லை.

சண்டையும் வரும். பாத்ரூமில் முக்கால் மணி நேரம், காலியான ஹார்லிக்ஸ் பாட்டில், யாரோ துவைக்காமல் ஊறப்போட்ட துணி. தன்னால் யாருக்கும் கோபம் வந்துவிடக்கூடாது என்று நடுங்குகிற பெண்ணுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. சண்டை போட்ட மறுநாளும் அதே ஆள் "டீ குடிக்கிறியா?" என்று கேட்பதை ஆலோசனை அறையில் யார் காட்ட முடியும்?

எல்லாவற்றுக்கும் இந்த வைத்தியம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காதில் குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று நம்புகிற நிலையில் இருக்கும் பிள்ளையைப் படிக்கட்டு ஏறச் சொல்வது கொடுமை. முதலில் மருந்து, பாதுகாப்பு, தூக்கம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக இருப்பவருக்கும் உடனே மருத்துவமனையின் கவனிப்புதான் வேண்டும். அந்த நேரத்தில் 14416 என்ற டெலி மனஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே எந்நேரமும் பேசலாம். 1986ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பும் தற்கொலைத் தடுப்புக்காகவே இருக்கிறது.

கூட்டு வீட்டின் வரலாறு ஐரோப்பாவில் நீளமானது. பெல்ஜியத்தின் கேல் ஊரில் பல நூற்றாண்டுகளாக, மனநலம் குன்றியவர்களை ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்கின்றன. கலிபோர்னியாவில் 1971ல் லோரன் மோஷர் என்ற மனநல மருத்துவர், முதன்முதலாகச் சித்தப்பிரமைக்கு ஆளான இளைஞர்களுக்காக சொட்டீரியா என்ற வீட்டைத் தொடங்கினார். ஒரு நேரத்தில் ஆறு பேர் போலத் தங்கினார்கள். அங்கே மருந்து மிகக் குறைவு. பக்கத்தில் ஓர் ஆள் பொறுமையாக உட்கார்ந்திருப்பதுதான் முக்கிய வேலை. 1983ல் பணமின்றி மூடப்பட்டது, அடுத்த வருடமே சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அதே பெயரில் ஒன்று பிறந்தது. மருந்தைக் குறைத்த அவர்கள் முடிவை நான் பரிந்துரைக்கமாட்டேன், இன்று வரை விவாதத்தில் இருக்கும் விஷயம் அது. ஆனால் பயத்தில் இருப்பவனிடம் அவசரப்படாமல் உட்காரத் தெரிந்த ஆள் வேண்டும் என்ற அவர்களின் அறிவை யாரும் மறுக்கவில்லை.

நம் பக்கத்தில் வரலாறு வேறு மாதிரி. 1794ல் வாலன்டைன் கனோலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் புரசைவாக்கத்தில் ஒரு காப்பகம் தொடங்கினார். 1871ல் அது கீழ்ப்பாக்கத்தில் இப்போதிருக்கும் இடத்துக்கு மாறி, உயர்ந்த சுவர்களோடு வளர்ந்தது. அதுதான் இன்றைய அரசு மனநலக் காப்பகம். அந்தச் சுவரின் நிழல் ஊர்ப்பேச்சில் எப்படி விழுந்தது என்பது நமக்குத் தெரியும். "கீழ்ப்பாக்கம்" என்பது ஓர் இடத்தின் பெயர், ஆனால் பள்ளிக்கூடத்தில் அதைத் திட்டாகத்தான் முதலில் கற்றோம். "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சிரித்த வகுப்பில், வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அந்தச் சுவருக்குள் 1961லிருந்து 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். மருந்தால் குணமானவர்கள் போக இடமின்றி உள்ளேயே இருப்பதைப் பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு, 1984ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். மனச்சிதைவு நோயாளிகளுக்குச் சிகிச்சையோடு வேலை, பழக்கம், வாழ்க்கை எல்லாவற்றையும் மீட்டுத் தரும் முயற்சி அது. 98 வயதில், 2021 டிசம்பரில் மறைந்தார். 1993ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் தெருவில் அலையும் மனநோயாளிப் பெண்களுக்காக பேனியன் அமைப்பைத் தொடங்கினார்கள். அதிலிருந்து 2015ல் வந்தது "ஹோம் அகெய்ன்" திட்டம். வருடக்கணக்கில் காப்பகத்தில் இருந்தவர்களை நாலைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில், உதவிக்கு ஓர் ஆளோடு குடிவைப்பது. உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட சமூக மனநல வழிகாட்டி, உலகுக்கு முன்மாதிரியாகக் காட்டிய சேவைகளில் சென்னையின் இந்த வீடுகளும் ஒன்று. நம் ஊரில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் அந்த வீடுகள் பெரும்பாலும், எல்லாவற்றையும் இழந்து பல வருடம் கழிந்தவர்களுக்கானவை. இழக்கத் தொடங்கும்போதே தாங்கிப் பிடிக்கும் வீடு சென்னையில் மிகக் குறைவு. இது சின்னக் குறை கிடையாது. மன நோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று 2005ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு சொன்னது. 2015-16ல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. இந்த வயதில் ஒரு வருடம் அறைக்குள் போனால் படிப்பு, நட்பு, முதல் வேலை எல்லாம் ஒன்றாகக் கைநழுவும்.

வேலூரில் சி.எம்.சி. மனநல மையம் 1950களிலிருந்து ஒரு நல்ல வழக்கத்தை வைத்திருக்கிறது: நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் வந்து தங்க வேண்டும். அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்கவைத்ததும் அதே காலத்தில்தான். நான் பார்த்த வீடு குடும்பத்தைத் தள்ளி வைக்கிறதே, சரியா என்று அந்த அக்காவிடம் கேட்டேன். "தள்ளி வைக்கல, தவணை முறையில சேர்க்கிறோம்" என்றார். இரண்டாவது மாதத்திலிருந்து சனி, ஞாயிறு பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குப் போகிறார்கள். பெற்றோரும் பயிற்சி எடுக்கிறார்கள். பௌட்டனின் எலிக் கூண்டு இங்கே நினைவுக்கு வரவேண்டும். கூட்டு வீட்டின் அடுப்பை வென்ற பெண் தன் வீட்டு அடுப்பின் முன் மறுபடி எட்டுக்குப் போவாள். போனாள். அப்பாவும் டார்ச்சை எடுத்தார். "வேண்டாம்ப்பா, எத்தனைன்னு மட்டும் கேளுங்க" என்று அவளே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இந்தப் பகுதியைச் செய்யாத எந்த வீட்டையும் நம்பிப் பிள்ளையை விடவேண்டாம் என்பேன். வெளியே குணமாகி உள்ளே திரும்பியதும் உடைகிற பிள்ளைக்கு "எனக்கு எதுவும் வேலை செய்யாது" என்ற புதுப் பயம் வேறு சேர்ந்துகொள்ளும்.

நம்பி விடக்கூடாத வீடுகள் வேறு வகையிலும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 காலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களையும் பெற்றவர்கள் நம்பித்தான் விட்டுவந்தார்கள். இன்றும் "மாத்திக் காட்டுறோம்" என்று சொல்லி போனைப் பிடுங்கி, கேட்டைப் பூட்டி வைக்கும் விடுதிகளைப் பற்றிக் கேள்விப்படுகிறேன். 2017ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. சங்கிலி கூடாது. தனிச்சிறை கூடாது. மொட்டை அடிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது. தன் துணியை உடுத்தலாம், போன் பேசலாம். கட்டாய வேலை வாங்கக்கூடாது, வேலை வாங்கினால் கூலி தரவேண்டும். சமூகத்தில் வாழ்வதே ஓர் உரிமை என்று அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது. மனநோய்க்குச் சிகிச்சையோ பராமரிப்போ தரும் விடுதி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெற்றோர் போய்ப் பார்க்கும்போது சுவர் நிறத்தையும் கட்டணத்தையும் கேட்கிறார்கள். பதிவுச் சான்றைக் கேளுங்கள், அப்புறம் தெருக்கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

நான் பார்த்த வீட்டில் அது உள்பக்கம் இருந்தது. சாவி ஆணியில் தொங்கியது, எல்லோர் கைக்கும் எட்டும் உயரத்தில். வேண்டாமென்றால் கிளம்பிப் போகலாம் என்று தெரிந்தால்தான் இருந்து பழகுவது தைரியம் ஆகும். பூட்டி வைத்துப் பயத்தின் முன் நிறுத்தினால் அது பயிற்சி ஆகாது, தண்டனை. ஒரே ஒரு விதிவிலக்கு, மொட்டைமாடிக் கதவு இரவில் பூட்டியிருக்கும். ஏன் என்று எல்லோருக்கும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள், ஐந்து பேரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட விதி அது. உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றும் கெட்ட நேரம் சிறியது, அந்த நேரத்தில் ஆபத்து கைக்கெட்டாமல் இருந்தால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். கடலூர் மாவட்டக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான இடத்தில் பூட்டி வைத்துப் பார்த்த லட்சுமி விஜயகுமார் குழுவினரின் ஆய்வுக்கும் இதே எண்ணம்தான் அடிப்படை.

இத்தனையும் நடக்க ஒரு வீடு கிடைக்கவேண்டுமே! சென்னையில் டு-லெட் போர்டைப் பார்த்துப் போன் செய்தால் "ஃபேமிலியா, பேச்சுலரா?" என்பதுதான் முதல் கேள்வி. குடும்பமாகவும் இல்லாமல் வேலைக்குப் போகும் பேச்சுலராகவும் இல்லாமல் ஐந்து இளம்பெண்கள், அதுவும் "மனசு சரியில்லாத" பெண்கள் என்றால்? அட்வான்ஸ் விஷயத்தில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாகச் சொன்ன பிறகும் பத்து மாதக் கணக்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வீட்டை நடத்துபவர்கள் உண்மையை மறைக்காமல் சொல்லிப் பதினேழு வீடுகளில் மறுப்பு வாங்கினார்களாம். பதினெட்டாவது வீட்டு அம்மா கீழே குடியிருக்கிறார். அவரும் முழு மனதோடு கொடுக்கவில்லை. முதல் மாதம் ஒரு பெண் ராத்திரி கத்தியபோது மாடிப்படி வரை வந்து, ஏறாமல் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். மேலே இருப்பவர்களும் அவர் வாசலைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள்.

அக்கா இதற்கும் ஒரு படிக்கட்டு போட்டார். முதலில் வாடகையை ஜிபே பண்ணாமல் பெண்களில் ஒருத்தி நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது. பிறகு கீழ்வீட்டு அம்மாவுக்கு மாத்திரை வாங்கி வந்து தருவது. போன நவராத்திரிக்கு அவரே மேலே வந்து, ஐந்து பேரையும் கொலுவுக்குக் கூப்பிட்டார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். சுண்டல் மேலே செய்து எடுத்துவருகிறோம் என்று இவர்கள் சொல்லியிருந்தார்கள். முறைத்தாளில் அந்த நாள் அடுப்புப் பெண்ணின் பெயர். கொண்டைக்கடலையைத் தாளித்து இறக்கினாள், திருகை மூடினாள், ஒரு தடவை பார்த்தாள். தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் நின்றாள்.

"எத்தனை?" என்றேன் பின்னாலிருந்து.

"அஞ்சு. நீங்க முன்னாடி போங்கக்கா, சட்டி சுடுது."

நான் ஒதுங்கி முன்னால் இறங்கினேன். அவளும் இறங்கி வந்தாள். கீழே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த அம்மா நின்றிருந்தார்.